ஆற்றோர வரிசையில் அகற்றப்பட்ட இருபத்து மூன்று நாற்காலிகள்

அனுப்புநர்:
கதவு எண் 10-இல் குடியிருப்பவர்
(வயது 48, புள்ளியியல் ஆய்வாளர்),
ஆற்றோர வரிசை,
பழைய படகுத்துறை அருகில்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
தொன்மைத் தெருக்கள் பராமரிப்புப் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: ஆற்றோர வரிசை வீட்டு வாசல்களில் பொருள்கள் வைக்கத் தடை விதித்த ஆணையை ஜூன் 30, திங்கட்கிழமைக்கு முன் நிறுத்தி வைக்கவும், எடுத்துச் செல்லப்பட்ட நாற்காலிகளைத் திருப்பித் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. எனது மனு, நாள்: மார்ச் 12.
2. தங்கள் அலுவலக ஆணை, நாள்: ஜூன் 2.
3. குடிநீர்ப் பிரிவுக்கு நான் அனுப்பிய புகார், நாள்: ஜூன் 17.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை 1-இல் உள்ள மனுவை எழுதியவள் நான். அதன் பேரில்தான் பார்வை 2-இல் உள்ள ஆணை பிறந்தது. அந்த ஆணையை நிறுத்தி வைக்கும்படி இப்போது கேட்பவளும் நானே. நான்கு மாதத்துக்குள் ஒரே ஆள் முன்னுக்குப் பின் முரணாக இரண்டு மனு கொடுத்தால் எந்த அலுவலகத்துக்கும் எரிச்சல் வரும். அருள்கூர்ந்து இதைக் கடைசி வரை படித்துவிட்டு எரிச்சல் அடையுங்கள்.

2. எங்கள் தெரு தாங்கள் அறிந்ததுதான். ஆற்றைப் பார்த்து ஒரே வரிசையாக இருபத்து நான்கு வீடுகள். சுவர்கள் பொது. ஒரு வீட்டுக்காரர் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். முப்பத்து நான்கு பேர் இருக்கிறோம். என்னைத் தவிர எல்லோரும் அறுபத்தெட்டைத் தாண்டியவர்கள். பதினைந்து வீடுகளில் தனி ஆள். நான் என் பெரியம்மா காலமான பிறகு அவர் வீட்டுக்கு வந்தவள், நான்கு ஆண்டாகிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். யாருடனும் அதிகம் பேசுவதில்லை. அமைதியான தெரு என்பதால்தான் வந்தேன்.

3. என் முதல் மனுவின் மூன்றாம் பத்தியில் இவ்வாறு எழுதியிருந்தேன்: "இருபத்து மூன்று வீட்டு வாசல்களில் தினமும் காலையில் ஒரு பழைய நாற்காலி வெளியே வைக்கப்படுகிறது. மாலையில் உள்ளே எடுக்கப்படுகிறது. இவற்றில் யாரும் உட்கார்ந்து நான் கண்டதில்லை. பலவற்றில் உட்காரவே முடியாது. பயனற்ற இந்த உடைசல்கள் நடைபாதையை அடைத்துக்கொண்டு, தொன்மையான தெருவின் தோற்றத்தைக் கெடுக்கின்றன." இதற்கு ஆதாரமாகப் பதினொரு புகைப்படங்களையும் இணைத்திருந்தேன். கால் போன இடத்தில் செங்கல் முட்டுக்கொடுத்த மர நாற்காலி, பிரம்பு பிய்ந்து ஓட்டை விழுந்தது, முதுகு வெடித்த பிளாஸ்டிக் நாற்காலி, இப்படி. அந்தப் பத்தியில் "பயனற்ற" என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் உண்மை. அந்த ஒரு சொல்லைச் சரிபார்க்க நான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்வித்தாள் தயாரிப்பது என் தொழில் என்பதை இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

4. மே 20 அன்று தங்கள் ஆய்வாளர் பழைய சுங்கக் கட்டடத்தில் கருத்துக் கேட்பு நடத்தினார். பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்று அவர் மூன்று முறை கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 11-ஆம் எண் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். ஆட்சேபம் இல்லை என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

5. ஜூன் 6 காலை நகராட்சி வண்டி வந்து இருபத்து மூன்று நாற்காலிகளையும் ஏற்றிச் சென்றது. எவரும் தடுக்கவில்லை. இரண்டு மூன்று பேர் வண்டியில் ஏற்றக் கைகூடக் கொடுத்தார்கள். பாதி வாழ்க்கையை அரசு வேலையில் கழித்தவர்கள். ஆணை என்றால் ஆணை. அன்று மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தெரு துப்புரவாக, நீளமாக, அழகாக இருந்தது. எனக்கு மனநிறைவாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

6. ஜூன் 17, செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி முதல் என் சமையலறைச் சுவரிலிருந்து ஒரு தட்டும் ஓசை வந்தது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மீண்டும் மூன்று தட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் 9-ஆம் எண் வீட்டின் குளியலறை. குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று முடிவு செய்தேன். பதினொரு மணிக்கு ஓசை நிற்காததால் பார்வை 3-இல் உள்ள புகாரை எழுதினேன். அதில் "ஓசை மிக ஒழுங்கான இடைவெளியில் வருகிறது, வேலையில் கவனம் செலுத்த முடியவில்லை" என்று குறிப்பிட்டிருக்கிறேன். நகல் இணைத்துள்ளேன். பிறகு காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். புதன்கிழமையும் தட்டல் இருந்தது. பிற்பகலில் குறைந்தது. குழாய் தானாகச் சரியாகி வருகிறது என்று நினைத்தேன்.

7. வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குக் குடிநீர்ப் பிரிவின் குழாய்ப் பணியாளர் வந்தார். சமையலறையில் நின்று கேட்டார். சத்தம் இல்லை. "நான் வரும்போது மட்டும் எல்லா வீட்டுக் குழாயும் ஒழுங்காயிடும் மேடம்," என்று சிரித்தார். அப்போது ஒரே ஒரு தட்டு கேட்டது. அவர் காதைச் சுவரில் வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் சொன்னார்:

"மேடம், இது குழாய் இல்ல. ஆளு."

8. ஐயா, இந்த வாக்கியத்தைக் கேட்டு இன்றோடு ஆறு நாள் ஆகிறது. இன்னும் எனக்குள் அது முழுவதும் இறங்கவில்லை. அந்தச் சுவரை ஒட்டித்தான் அந்த இரண்டு நாளும் நான் சமைத்தேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன்.

9. பணியாளர் பின்பக்கக் கதவைத் தன் ரெஞ்சால் நெம்பித் திறந்தார். 9-ஆம் எண் வீட்டுக்காரர் படகுத்துறையில் முப்பது ஆண்டுகள் எஞ்சின் பார்த்தவர். வயது எழுபத்தொன்பது. ஒருநாளும் படகை ஓட்டியதில்லை என்றாலும் தெருவில் அவருக்குக் கேப்டன் என்றுதான் பெயர். குளியலறைத் தரையில், இடுப்பெலும்பு முறிந்து, கையில் நசுங்கிய குவளையோடு கிடந்தார். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்ததால் ஈரத் துண்டைப் பிழிந்து குடித்து உயிரோடு இருந்திருக்கிறார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"யாரு, டீச்சரா?"

"இல்ல, பக்கத்து வீடு," என்றேன்.

"அடேயப்பா," என்றார். "பக்கத்து வீட்டுல ஆள் இருக்கா?"

கிண்டலாகச் சொன்னாரா, நினைவு தப்பிச் சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்கும் தைரியம் இதுவரை வரவில்லை.

10. அன்று மாலை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தலைமை ஆசிரியை எனக்கு விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறேன். காலை ஏழு மணிக்குள் நாற்காலி வெளியே வர வேண்டும். அது ஆற்றைப் பார்த்திருந்தால் ஆள் நலம். சுவரைப் பார்த்திருந்தால் வெளியூர், தேட வேண்டாம். கதவைப் பார்த்திருந்தால், உள்ளே வாருங்கள், உதவி வேண்டும். ஏழு மணிக்கு நாற்காலியே இல்லையென்றால் கதவைத் தட்ட வேண்டும். திறக்காவிட்டால் உடைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு முந்தைய எண் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வீட்டைக் கடைசி வீட்டுக்காரர் நடைப்பயிற்சியில் பார்த்துக்கொள்வார். பதினேழு ஆண்டுகளாக இப்படி நடந்திருக்கிறது.

11. நாற்காலிகள் ஏன் உடைந்தவை என்றும் கேட்டேன். "நல்ல நாற்காலி போட்டா வர்றவங்க போறவங்க உக்காந்து போட்டோ எடுப்பாங்கம்மா. எழுந்து போகும்போது திருப்பி வச்சுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நாங்க யார் வீட்டுக் கதவை உடைக்கிறது?" என்றார். ஆக, இவற்றில் உட்காரவே முடியாது என்று நான் குறையாக எழுதியதுதான் அவற்றின் முதல் தகுதி.

12. 9-ஆம் எண் வீட்டைப் பார்க்க வேண்டியது 10-ஆம் எண் வீடு. என் பெரியம்மா பார்த்தார். அவருக்குப் பிறகு அது என் முறை. எனக்குத் தெரியாததால் தலைமை ஆசிரியை, எண்பத்தொரு வயதில், மூட்டுவலியோடு, என் வீட்டையும் சேர்த்து இரண்டு வீடுகளைப் பார்த்து வந்திருக்கிறார். என் வாசலில் நாற்காலி இல்லாததால் என் சமையலறை ஜன்னல் திரை விலகுகிறதா என்று தினமும் பார்ப்பாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். "வந்த முதல் வாரமே சொன்னேனேம்மா. வாசல்ல ஒரு நாற்காலி போட்டு வைங்க, உடைஞ்சதா இருந்தாலும் பரவாயில்லன்னு. உக்கார எனக்கு நேரமில்லைன்னீங்க. கதவையும் சாத்திட்டீங்க," என்றார். எனக்கு அது நினைவில்லை. ஆனால் நான் சொல்லக்கூடியதுதான்.

13. என் பெரியம்மா இதே வீட்டில் பக்கவாதம் வந்து விழுந்தபோது அரை மணி நேரத்துக்குள் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அதனால் மேலும் எட்டு மாதம் இருந்தார். அந்த எட்டு மாதத்தில்தான் நான் அவரோடு ஒழுங்காகப் பேசினேன். அவர்களுக்கு எப்படி உடனே தெரிந்தது என்று யாரையும் நான் கேட்டதில்லை. அதிர்ஷ்டம் என்று உறவினர்களிடம் சொல்லி வந்தேன்.

14. இது மூத்தவர்களின் வெறும் மனச்சமாதானமாக இருக்கலாம் என்ற ஐயம் எனக்கும் வந்தது. எதையும் எளிதில் நம்பும் பழக்கம் எனக்கில்லை. கடந்த ஐந்து நாட்களில் எல்லா வீடுகளுக்கும் போய் விசாரித்தேன். இரண்டு பேராவது ஒத்துச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடந்த ஆறு ஆண்டுகளில் நாற்காலி வராததால் பதினான்கு முறை கதவு தட்டப்பட்டிருக்கிறது. எட்டு முறை வீண். ஆறு பேர் அசந்து தூங்கியிருக்கிறார்கள். ஒருவர் மறந்துவிட்டார். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் கோபித்துக்கொண்டு, "நீ போடு", "ஏன், உனக்குக் கையில்லையா" என்று இருவருமே போடாமல் இருந்திருக்கிறார்கள். கதவைத் தட்டியவர் பஞ்சாயத்தும் செய்துவிட்டு வந்தாராம். மீதி ஆறு முறை உண்மையான ஆபத்து. ஆறு பேரும் உரிய நேரத்தில் மீட்கப்பட்டார்கள். விழுந்து கிடந்தும் தெரியாமல் போனவர் அந்த ஆறு ஆண்டுகளில் ஒருவர்கூட இல்லை. ஆணை நடைமுறைக்கு வந்த பதினோராம் நாளில் ஒருவர்.

15. நாற்காலிக்குப் பதில் வேறொன்றை வைத்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். அதற்காக அவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். "எப்பொருளும்" என்று ஆணையில் இருப்பதால் எதை வைத்தாலும் மீறலாகும் என்றது ஒரு தரப்பு. பூந்தொட்டி அழகுப் பொருள், அதற்குத் தடை வராது என்றது இன்னொன்று. கைப்பிடியில் துணி கட்டலாம் என்றது மூன்றாவது தரப்பு. தொட்டிக்கு முகம் எது, முதுகு எது என்று கேட்டு அந்த யோசனையை முறியடித்திருக்கிறார்கள். துணி என்ன நிறம் என்பதில் இரண்டு நாள் போயிற்று. அடுத்த கூட்டம் 20-ஆம் தேதி என்று முடிவாகியிருந்தது. கேப்டன் 17-ஆம் தேதி விழுந்தார்.

16. தொலைபேசியும் முயன்று பார்க்கப்பட்டது. நாற்காலிகள் போன பிறகு தலைமை ஆசிரியை தினமும் காலையில் கேப்டனை அழைத்திருக்கிறார். நான்காம் நாள் அவர், "ஏன் டீச்சர், இருக்கேனா இருக்கேனான்னு தினமும் கேட்டா எனக்கே சந்தேகம் வருது. வேற வேலை இல்லையா?" என்று சிடுசிடுத்திருக்கிறார். இவருக்கு ரோஷம்; அழைப்பதை நிறுத்திவிட்டார். நாற்காலி யாரையும் நலம் விசாரித்து எரிச்சலூட்டியதில்லை. யாரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதுமில்லை.

17. கருத்துக் கேட்பில் இவர்கள் ஏன் பேசவில்லை என்பது முக்கியம். தலைமை ஆசிரியை சொன்னதை அப்படியே தருகிறேன்: "எங்களுக்கு முடியலை, விழுந்துடுவோம்னு சபையில சொன்னா அவர் எழுதிக்குவார். எழுதினா எங்க பிள்ளைங்க காதுக்குப் போகும். அடுத்த வாரமே பெட்டியோட வந்து வாசல்ல நிப்பாங்க. அதுக்கு வாயை மூடிட்டு இருக்கலாம்னு இருந்துட்டோம்." ஆகையால், இந்த மனுவே அவர்கள் பதினேழு ஆண்டு காத்த ரகசியத்தை உடைக்கிறது. வீடு வீடாகப் போய் அனுமதி கேட்டேன். இருபத்திரண்டு வீட்டார் சம்மதித்தார்கள். ஒருவர் மறுத்தார்: "என் மகனுக்குத் தெரிஞ்சா வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில போட்டுக்குவான். என்னைச் சேர்க்காதீங்க." சேர்க்கவில்லை. அவர் வீட்டு எண் இந்த மனுவிலோ இணைப்புகளிலோ இல்லை.

18. இப்போது அவசரம் எதற்கென்று சொல்கிறேன். கேப்டனுக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்புகிறார்கள். பகலில் உதவிக்கு ஆள் வைத்து அவர் வீட்டுக்குப் போகலாம், ஆனால் தினமும் காலையில் யாராவது அவரைக் கவனிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது மருத்துவரின் நிபந்தனை. அவர் மகன் வெளியூரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறார், காரோடு வருகிறார். மகனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தினமும் நானே வந்து கதவைத் தட்டுகிறேன் என்று கேப்டனிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என்னைப் பாத்துக்குவீங்க, சரி. உங்களை யாரு பாத்துக்குவா?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "நாற்காலி திரும்பி வந்தா வீட்டுக்கு வரேன். வரலைன்னா பையன் கூட்டிட்டுப் போற இடத்துக்குப் போறேன். சண்டை போட இப்ப இடுப்பு இல்ல."

19. ஜூன் 23 அன்று தங்கள் ஆய்வாளரை நேரில் சந்தித்தேன். மரியாதையாகப் பேசினார். ஆணையை டிசம்பர் மறுஆய்வுக் கூட்டத்தில்தான் எடுக்க முடியும் என்றார். அதுவரை பழைய பாணியில் ஆறு இரும்பு பெஞ்சுகள் போட்டுத் தரலாம் என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் தரையில் பதித்த பெஞ்சு, வீட்டுக்குள் ஆள் எழுந்தாரா இல்லையா என்று சொல்லாது. அன்றே நகராட்சிக் கிடங்குக்கும் போனேன். நாற்காலிகள் மழையில் குவிந்து கிடக்கின்றன. "கழிவு" என்று சீட்டு ஒட்டி, மாத இறுதியில் அப்புறப்படுத்தப் போகிறார்கள். எது எந்த வீட்டுடையது என்று பதிவேட்டில் இல்லையென்று கிடங்குக் காவலர் வருந்தினார். அது எனக்குச் சிரமமாக இல்லை. நான்கு ஆண்டு வெறுப்போடு பார்த்து வந்ததால் இருபத்து மூன்றும் எந்தெந்த வாசலைச் சேர்ந்தவை என்று நின்ற இடத்திலேயே சொல்ல முடிந்தது. பட்டியல் இணைத்துள்ளேன். மறுத்தவர் கேட்டுக்கொண்டபடி அவருடையதற்கு மட்டும் எண் இடவில்லை. அதை நானே கொண்டு சேர்ப்பேன்.

20. எனவே நான் கேட்பது:

அ) பார்வை 2-இல் உள்ள ஆணையை ஜூன் 30 காலைக்கு முன் நிறுத்தி வைக்க வேண்டும்.

ஆ) நாற்காலிகளை உள்ளபடியே திருப்பித் தர வேண்டும். தயவுசெய்து பழுது பார்க்க வேண்டாம். வண்டி இல்லையென்றால் வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

இ) என் முதல் மனுவின் மூன்றாம் பத்தி விசாரிக்காமல் எழுதப்பட்டது என்று கோப்பில் குறிக்க வேண்டும்.

ஈ) இந்த மனுவின் நகல் குடியிருப்பவர்களின் குடும்பத்தாருக்கோ முதியோர் நலப் பிரிவுக்கோ போகக் கூடாது. அவர்கள் ஒளித்து வைத்தது பலவீனத்தை என்று எவரும் எண்ணிவிடலாம். ஐந்து நாள் விசாரித்தவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்த எந்த வயதினரையும்விட இவர்கள் ஒருவரையொருவர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்கள் என்று உறுதி கூறுகிறேன்.

21. கடைசியாக ஒரு தகவல். நாளை காலை ஏழு மணிக்கு முன் 10-ஆம் எண் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி இருக்கும். ஆணை நடப்பில் இருக்கும்போதே இதைச் செய்கிறேன்; அபராதச் சீட்டை என் பெயருக்கே அனுப்புங்கள். என்னிடம் உடைந்த நாற்காலி இல்லாததால் எழுதுமேசை நாற்காலியின் ஒரு காலை இன்று அறுத்துவிட்டேன். தங்கள் ஆய்வாளர் இனி எங்கள் தெருவுக்கு வரும்போது ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளும்படி சொல்லுங்கள். ஏழு மணிக்குப் பின்னும் என் வாசல் காலியாக இருந்தால், நான் ஆணைக்குக் கீழ்ப்படிந்துவிட்டதாக எழுதிக்கொண்டு போய்விட வேண்டாம். கதவைத் தட்டச் சொல்லுங்கள்.

தங்கள் முடிவைத் திங்களுக்கு முன் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
கதவு எண் 10-இல் குடியிருப்பவர்

இடம்: ஆற்றோர வரிசை
நாள்: ஜூன் 25

இணைப்பு:
1. குடிநீர்ப் பிரிவுக்கு எழுதிய புகாரின் நகல்.
2. நாற்காலிகளும் அவற்றுக்குரிய வீடுகளும் – பட்டியல்.
3. இருபத்திரண்டு வீட்டாரின் கையொப்பங்கள். (9-ஆம் எண் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தபடி இட்டது சற்றுக் கோணலாக இருக்கும், அவருடையதே என்று உறுதி செய்கிறேன்.)